லிவிங்ஸ்டன் நூலில் மேரி அம்மையார் – ஒரு மதிப்பீடு

ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்தவர், அடிமை வாணிகத்தை எதிர்த்தவர் என்று டேவிட் லிவிங்ஸ்டனைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். 1857-இல் அவர் லண்டனில் வெளியிட்ட 'தென்னாப்பிரிக்காவில் ஒரு மிஷனரியின் பயணங்களும் ஆராய்ச்சிகளும்' என்ற நூல் அந்தக் காலத்தில் பெரும் விற்பனை கண்டது. செடி கொடி, விலங்கு, ஆறு, மக்கள் வழக்கம் எதையும் விடாத கண் அவருக்கு. ஆனால் மூன்று முறை படித்தபின் எனக்கு ஒரு குறை பட்டது. இத்தனையும் கண்ட கண்ணுக்கு வீட்டிலிருந்தவர் ஏன் சரியாகத் தெரியவில்லை?

மனைவி மேரி 1821-இல் தென்னாப்பிரிக்காவின் கிரிக்குவாடவுனில் பிறந்தவர். தந்தை ராபர்ட் மொபாட், குருமன் என்ற ஊரில் ஊழியம் செய்து, பைபிளை த்ஸ்வானா மொழியில் பெயர்த்தவர். மேரிக்கு அந்த மொழி சரளம். பதினெட்டு வயதில்தான் பெற்றோருடன் முதல்முறையாக இங்கிலாந்து போனார். 1845-இல் குருமனில் திருமணம். சொல்லப்போனால், ஆப்பிரிக்காவுக்கு வந்தவர் கணவர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மனைவி.

கொலோபெங் என்ற இடத்தில் அவர்கள் நடத்திய குடித்தனத்தை நூல் அழகாகவே சொல்கிறது. செடியைச் சுட்ட சாம்பலில் சோப்பு, கறையான் புற்றைக் குடைந்த அடுப்பில் ரொட்டி! வெளிவேலை எல்லாம் கணவன், உள்வேலை எல்லாம் மனைவி. மிஷனரி வாழ்வுக்கு இதுவே தகுதி என்கிறார். நூலின் சிறந்த பகுதிகளில் இதுவும் ஒன்று.

அடுத்தது 1851-இல் கலஹாரிப் பக்கமாக வடக்கே போன பயணம். மேரி அப்போது கருவுற்றிருந்தார், கூடவே மூன்று சின்னப் பிள்ளைகள். வழிகாட்டி காணாமல் போய், தண்ணீரும் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் கண்ணெதிரே தாகத்தால் துடித்தபோதும் அவர்கள் தாய் கண் கலங்கினாரே தவிர, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்று மெச்சி எழுதுகிறார் லிவிங்ஸ்டன். படிப்பவர் நெஞ்சம் உருகும். ஆனால் உருகினால் போதுமா? அதற்கு முந்தைய ஆண்டுதான் எலிசபெத் என்ற கைக்குழந்தை ஆறு வாரத்தில் இறந்திருந்தது. மறுபடியும் இப்படிக் கிளம்புவதா என்று மாமியார் மொபாட் அம்மையார் மிகக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். அதைத் தம் நாட்குறிப்பில் நகல் எடுத்து வைத்தவர், நூலில் சேர்க்கவில்லை. மனைவியின் மௌனத்துக்கு அச்சில் இடம் கிடைத்தது, மாமியாரின் கேள்விக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பயணத்திலேயே, செப்டம்பரில், ஒரு ஆற்றங்கரையில் ஆண் குழந்தை பிறந்தது.

1852-இல் கேப் டவுனில் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கப்பலேற்றுகிறார். தாயகம் திரும்பும் கப்பலில் குடும்பத்தை ஏற்றினேன், இரண்டு ஆண்டில் சேர்வதாகச் சொன்னேன், பிரிவு ஏறக்குறைய ஐந்தாண்டானது. நூலில் இந்தப் பிரிவுக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம், அவ்வளவுதான். அதே ஆண்டில் கொலோபெங் வீட்டைப் போயர்கள் சூறையாடிய செய்தி மட்டும் விரிவாக வருகிறது. அந்த ஐந்தாண்டும் மேரி மாமனார் வீட்டில் ஒத்துப்போகாமல், கையில் காசில்லாமல், பிள்ளைகளோடு இடம் மாறி மாறித் திண்டாடியவர். 'தாயகம்' என்றாரே, அது யாருடைய தாயகம்?

லிவிங்ஸ்டன் பக்கமும் நியாயம் உண்டு. காய்ச்சல் பூமியில் பிள்ளைகளை வைத்திருப்பது ஆபத்து. சொந்தத் துயரத்தை அச்சில் கொட்டுவது அக்கால வழக்கமும் அல்ல. எங்கள் சமண நெறியில் துறவிக்கு மாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம் என்று வழி தனித்தனி. சிந்தாமணியில் சீவகன்கூட மகனுக்கு முடி சூட்டிய பிறகே துறவு பூண்டான். இல்லறத்தில் இருந்துகொண்டே துறவியின் நடை நடந்தவர் லிவிங்ஸ்டன். அவர் சபையில் ஊழியர் மணம் செய்வது முறைதான். ஆகவே எங்கள் அளவுகோலால் அவரை அளப்பது சரியாகாது. நான் கேட்பது அவர் நூலின் அளவுகோலைத்தான். எறும்பையும் எழுதியவர் இதையும் எழுதியிருக்கலாம், இல்லீங்களா?

பிறகு நடந்ததைப் பாருங்கள். ஜாம்பெசி ஆற்றங்கரை ஷுபங்காவில் 1862 ஏப்ரல் 27 அன்று மேரி காய்ச்சலில் இறந்தார். நாட்குறிப்பில் லிவிங்ஸ்டன் கதறியிருக்கிறார். மூத்த மகன் ராபர்ட் தந்தையைத் தேடி ஆப்பிரிக்கா போய், அவரிடம் சேர முடியாமல் அமெரிக்கா சென்று, வேறு பெயரில் உள்நாட்டுப் போர்ப் படையில் சேர்ந்தான். 1864 டிசம்பரில் கைதி முகாமில் மாண்டான். பிள்ளைகளோடு விளையாட நேரம் ஒதுக்கவில்லையே என்று தந்தை பின்னாளில் வருந்தி எழுதினார்.

நம் மும்பைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1864 ஜூனில் 'லேடி நியாசா' என்ற சிறு நீராவிக் கப்பலைத் தாமே செலுத்தி, சான்சிபாரிலிருந்து இந்தத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கினார். இங்கிருந்து பிரிட்டன் போன பிறகுதான், 1858-இல் குருமனில் பிறந்த கடைசி மகள் அன்னா மேரியை முதன்முதலாகப் பார்த்தார். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

இந்த நூலை நம் பிள்ளைகள் அவசியம் படிக்கட்டும். மாமியார் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். லிவிங்ஸ்டனின் நாட்குறிப்புகள் 1960-இல் அச்சேறியபோது அதுவும் வெளிவந்துவிட்டது. மே மாத விடுமுறையில் 'ஊருக்குப் போறோம்' என்று நாம் மூட்டை கட்டும்போது, 'எனக்கு இதுதானேப்பா ஊரு' என்று மும்பையில் பிறந்த பிள்ளை கேட்கிறது. சிரித்துவிட்டுப் போகாமல், அதற்கு நாம் ஒரு பதில் சொல்ல வேண்டும். மேரிக்கு அந்தப் பதிலை யாரும் சொல்லவில்லை.