கோல் பிடிக்காத மேளம்

மாரியம்மன் நோம்பிக்குத் துடும்பு மேளம் இறங்கிவிட்டால் கால் தானாகக் கோயில் பக்கம் நடக்கும். துடும்பின் அதிர்வு நெஞ்சில் விழும். உருமியின் தோலை வளைந்த குச்சி உரசும்போது எழும் முனகல் அடிவயிற்றில் போய் நிற்கும். அடி மாறும் இடத்தைக் கவனியுங்கள். எதிரே நின்று கையசைப்பவர் யாருமில்லை. மூத்தவர் ஒருவர் தலையைச் சற்றே நிமிர்த்துவார். அடுத்த நொடி அத்தனை குச்சியும் புது அடியில் விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

கையசைப்பவர் இல்லாமல் வாசிப்பதை மேற்கத்திய இசையிலும் முயன்றிருக்கிறார்கள். 1922இல் மாஸ்கோவில் தொடங்கிய பெர்சிம்பான்ஸ் என்ற இசைக்குழு நடத்துநரே இல்லாமல் சிம்பொனி வாசித்தது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள். பத்தாண்டு நடந்தது. ஆனால் பெரிய சிம்பொனிக்கு ஒரு கை வேண்டும் என்பதே என் எண்ணம். 2025 மார்ச் 8இல் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது மிக்கேல் டாம்ஸ் கோல் பிடித்தார்.

நம் வள்ளி கும்மி ஆட்டத்தில் ஆசிரியர் உண்டு. அவர் கோல் பிடிப்பதில்லை, பாடுகிறார். அந்தக் குரலுக்குத்தான் அத்தனை காலும் திரும்புகிறது. அப்படி ஆயுள் முழுக்கக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அடுத்த நோம்பிக்கு ஸ்பீக்கர் செட்டோடு நிறுத்தாமல், ஒரு துடும்புக் குழுவையும் கூப்பிடுங்கள்.