சரகர் கூறும் சித்தோத்வேகமும் எம் மலைநாட்டு அச்சமும்

சரகசங்கிதையின் விமானத்தானத்து ஆறாம் அத்தியாயம் மனநோய்களை எண்ணுமிடத்து, காமம், குரோதம், சோகம் முதலியவற்றோடு சித்தோத்வேகம், பயம் என்னும் இரண்டினையும் வெவ்வேறாக வைத்து எண்ணுகின்றது. இவ்வேறுபாடு கூர்ந்து நோக்கற்பாலது. பயம் கண்முன் உள்ள ஒரு பொருளைப் பற்றி எழுவது. சித்தோத்வேகமோ பற்றுக்கோடின்றியும் உள்ளத்தை அலைப்பது என யாம் கொள்ளலாம்.

இவற்றுக்குரிய சிகிச்சை யாது? தெய்வத்தைச் சார்ந்தது, யுக்தியைச் சார்ந்தது, சத்துவாவஜயம் எனச் சூத்திரத்தானம் மருத்துவத்தை மூன்றாக வகுக்கும். உணவும் மருந்தும் நடுவணதன்பாற்படும். தீங்கு தரும் பொருள்களினின்றும் மனத்தை மீட்டல் சத்துவாவஜயம். ஞானம், விஞ்ஞானம், தைரியம், நினைவு, சமாதி என்பன மனநோய்க்கு மருந்தாகக் கூறப்பட்டுள்ளமையுங் காண்க.

இம்மூன்றனுள் இன்று கடைத்தெருவில் எஞ்சி நிற்பது நடுவணது ஒன்றே. அதனுள்ளும் உணவொழுக்கம் போய்ப் புட்டி மாத்திரமே நிற்கின்றது! அமுக்கராக் கிழங்கு மனவமைதி தரும் எனச் சிறு ஆய்வுகள் சில கூறுவது மெய்யே. ஆயின் அதனை உண்டோருட் சிலர்க்கு ஈரல் பழுதுற்றமையும் பதிவாகியுள்ளது. டென்மார்க்கு நாடு 2023இல் அதனைத் தடைசெய்தது. சர்ப்பகந்தா வேரின் கதையும் இத்தகையதே. 1931இல் கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போசும் அதன் குணத்தை எழுதினர். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மனக்கொதிப்பைத் தணித்த அம்மருந்தே சிலரைச் சோர்வில் ஆழ்த்தியதாகவும் மருத்துவர் கண்டனர்.

இனி எம்மூர்க்கு வருவோம். ஹல்துமுல்லைப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 29-10-2014 அன்று காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என 2005ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. இன்றும் தகரக் கூரையில் மழை ஓங்கி விழின், எம் வகுப்புப் பிள்ளைகளின் கண்கள் கரும்பலகையை விட்டு மலையை நாடும். இது சித்தோத்வேகமா? அன்று, பயமே. பொருள் எதிரே நிற்கின்றது. சரிவின் கீழ் உறைவோனை நோக்கி, 'மனத்தை அடக்குக' என்பது சத்துவாவஜயம் ஆகாது. நோய்க்குக் காரணத்தை நீக்குதலே சிகிச்சையின் சுருக்கம் எனச் சுசுருதர் கூறியிருத்தலின், ஈண்டு முதன்மருந்து மாற்றிடத்து வீடேயாம்.

அவ்வீடு கிடைத்த பின்னரும் உறக்கமின்றி மழையொலிக்கு நடுங்குவார் உளர். பொருள் நீங்கியும் கலக்கம் நீங்காத அந்நிலையிலேதான் சத்துவாவஜயம் பயன்கொள்ளும். அதற்கு நோயாளியின் குடும்பத்தையும் இழப்பையும் அறிந்து, அவனோடு பலகால் உரையாடும் வைத்தியன் வேண்டும். வரிசையில் நிற்போர்க்குச் சூரணம் கட்டிக் கொடுக்கும் விரைவில் அது கைகூடுவதன்று.

வைத்தியன் ஆராய வேண்டியவற்றுள் தேசம் என்பதனையும் சரகர் வைத்தார். அச்சொல்லுக்கு நிலம், நோயாளி என இருபொருளும் அவரே உரைத்துள்ளார்.