சிக்னலில் நிற்கும் என்ஜின்: தேய்மானக் கணக்கு

சிக்னலில் கார் நின்றதும் என்ஜினை அணைத்து, ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அல்லது கிளட்சை மிதித்ததும் மீண்டும் கிளப்பும் தானியங்கி ஏற்பாட்டுக்கு ஐம்பது வயதாகிறது. டொயோட்டா 1974-இலேயே கிரௌன் காரில் இதை முயன்றது. 1983-இல் ஃபியட்டின் ரெகாட்டாவிலும் 1994-இல் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஈக்கோமேட்டிக்கிலும் வந்தபோதும் வாங்குவோர் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் கரியமில வாயு வெளியீட்டுக்குச் சட்டவரம்பு விதித்த பிறகுதான் சிறிய கார்கள் வரை இது பரவியது. இந்தியாவில் 2014-இல் ஹீரோவின் ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட் வழியாக மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது: நாளெல்லாம் அணைத்து அணைத்துக் கிளப்பினால் என்ஜின் தேய்ந்துவிடாதா?

சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. கிராங்க் தண்டு சுழலும்போது அதற்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் மெல்லிய படலமாக இழுக்கப்பட்டு, தண்டைத் தூக்கி மிதக்க வைக்கிறது. உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. அதனால்தான் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய என்ஜினிலும் பேரிங் நன்றாக இருக்க முடிகிறது. அந்தப் படலத்தை உண்டாக்குவது சுழற்சி வேகம். வேகம் குறையும்போது படலம் மெலிந்து, தண்டு பேரிங்கின் மேல் அமர்கிறது. மறுபடி கிளம்பும் முதல் சில சுற்றுகளில் உரசல் நேர்கிறது. “ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தேய்மானம்” என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

எண்ணிக்கையும் அச்சத்துக்கு வலு சேர்க்கிறது. நாளொன்றுக்கு நான்கு முறை சாவி போட்டுக் கிளப்பும் கார், ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓடினால், பத்து ஆண்டில் 12,000 முறை கிளம்பியிருக்கும். அதே கார் நகரத்தில் நாளுக்கு இருபது சிக்னல்களில் அணைந்து எழுந்தால் இன்னொரு 60,000 சேரும். ஆறு மடங்கு தொடக்கம் என்றால் ஆறு மடங்கு தேய்மானம் என்றே கணக்குப் போடத் தோன்றும்.

அந்தக் கணக்கு தவறுகிறது. எல்லாத் தொடக்கமும் ஒன்றல்ல. இரவெல்லாம் நின்ற என்ஜினில் ஆயில் வடிந்து அடியில் தேங்கியிருக்கும். குளிர்ந்து கெட்டியாகவும் இருக்கும். எரிபொருளின் ஒரு பகுதி ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஆயிலைக் கழுவும். தேய்மானத்தின் பெரும்பங்கு இந்தக் குளிர்த் தொடக்கத்தில்தான் நேர்கிறது. சிக்னலில் முப்பது விநாடி நின்ற என்ஜினின் நிலை வேறு: எல்லாப் பரப்பிலும் ஆயில் ஒட்டியிருக்கிறது, உலோகம் சூடாக இருக்கிறது. குளிர்ந்த என்ஜினை இந்த ஏற்பாடு அணைப்பதே இல்லை. என்ஜினைக் குளிர்விக்கும் நீர் உரிய வெப்பநிலையை எட்டாவிட்டாலும், பேட்டரி தளர்ந்திருந்தாலும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் குறைந்தாலும், காருக்குள் புழுக்கம் மிகுந்தாலும் அது என்ஜினை ஓடவிட்டுவிடும். “பல நாள் வேலை செய்வதில்லை” என்று உரிமையாளர்கள் குறைப்படுவது பெரும்பாலும் இந்தக் காவலைப் பார்த்துத்தான்.

ஆனாலும் சூடான தொடக்கத்துக்கு விலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சூடான ஆயில் நீர்த்திருக்கும். நின்ற தண்டின் பாரம் அதை எளிதில் பிதுக்கித் தள்ளிவிடும். இந்த ஏற்பாடு பரவத் தொடங்கிய அதே காலத்தில், சுற்றுச்சூழல் சட்டத்தால் ஐரோப்பிய கார்களின் பேரிங்குகளிலிருந்து ஈயம் வெளியேற்றப்பட்டதும் சேர்ந்துகொண்டது. ஈயம் மென்மையானது, உரசலைப் பொறுக்கும், சிறு துகள்களைத் தன்னுள் புதைத்துக்கொள்ளும். பேரிங் தயாரிப்பாளர்கள் இதற்குக் கண்ட விடை, பேரிங்கின் மேல் திட மசகுப்பொருள் கலந்த பாலிமர் பூச்சு. ஃபெடரல் மொகல் நிறுவனத்தின் ஐராக்ஸ் அந்த வகையைச் சேர்ந்தது. ஆயில் படலம் இல்லாத அந்தச் சில சுற்றுகளைப் பூச்சு தாங்கிக்கொள்கிறது. ஆகவே, பல லட்சம் தொடக்கங்களுக்கென்றே வடிவமைத்த என்ஜினில் பேரிங் தேய்மானம் பெரிய கவலைக்குரியதல்ல. சாதாரண காரை ஒவ்வொரு சிக்னலிலும் சாவியால் அணைத்துக் கிளப்புபவருக்கு இந்த உறுதி கிடையாது. அவருடைய பேரிங்கும் செல்ஃப் மோட்டாரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நீண்ட நேரம் காத்திருக்க நேரும் ரயில்வே கேட்டில் அணைப்பது வேறு. அது எந்தக் காருக்கும் நல்லதே.

செல்ஃப் மோட்டாரின் கதையும் இப்படித்தான். பழைய வகையில் பினியன் என்ற சிறு பல்சக்கரம் பாய்ந்து வந்து ஃபிளைவீலின் பற்களில் மாட்டும். கார்பன் பிரஷ்களும் பற்களும் தேயும். புதிய வகையில் பிரஷ், தாங்கி, பற்கள் எல்லாம் வலுவூட்டப்பட்டவை. சில நிறுவனங்கள் பினியனையே தவிர்த்து, டைனமோவையே மோட்டாராக்கி பெல்ட் வழியாக என்ஜினைச் சுழற்றுகின்றன. மாஸ்டா 2009-இல் கொண்டுவந்த ஐ-ஸ்டாப் இன்னும் நுட்பமானது: பிஸ்டன்களைச் சரியான இடத்தில் நிறுத்தி, சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைச் செலுத்திப் பற்றவைத்து, ஏறத்தாழ 0.35 விநாடியில் என்ஜினை எழுப்பியது. செல்ஃப் மோட்டாருக்கு அதில் உதவியாளர் வேலை மட்டுமே. என்ஜினைத் தாங்கும் ரப்பர்களுக்கும் இரட்டை ஃபிளைவீலுக்கும் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு குலுக்கல் கூடுதல் என்பது உண்மை. வேகமாகக் கிளம்பும் என்ஜினில் அது குறைவு.

வடிவமைப்பு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. நின்ற பிறகு தானாகக் கிளம்பவில்லை என்ற புகார்களின் பேரில், 2022-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஹோண்டா பைலட் கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. அங்கே எழுந்த கேள்வி தேய்மானத்தைவிடக் கடுமையானது. பச்சை விளக்கு விழுந்த பின்னும் அசையாத கார், பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

தேய்மானத்தின் உண்மையான சுமை விழும் இடம் பேட்டரி. சாதாரண காரில் பேட்டரி காலையில் ஒருமுறை பெரும் மின்னோட்டம் கொடுத்துவிட்டு, நாள் முழுவதும் நிறைந்த நிலையிலேயே இருக்கும். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் விளக்கு, காற்றாடி, பாட்டு எல்லாவற்றையும் அது தனியாகச் சுமக்கிறது. உடனே செல்ஃப் மோட்டாருக்கும் கொடுக்கிறது. அடுத்த சிக்னலுக்குள் இழந்ததை மீட்க நேரம் போதாது. அரைகுறை மின்னேற்றத்திலேயே கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப் படியும். அமிலம் அடியில் அடர்ந்து, மேலே நீர்த்துப் பிரியும். இதற்காகவே தகடுகளை வலுப்படுத்திய ஈ.எஃப்.பி. வகையும், அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்த ஏ.ஜி.எம். வகையும் வந்தன. இரண்டும் சாதாரண பேட்டரியைவிட விலை கூடியவை.

வெப்ப நாடுகளில் சுமை இரட்டிக்கிறது. ஈய-அமில பேட்டரியின் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது அத்தொழிலின் பழைய கணக்கு. சென்னையின் மே மாதத்தில் பானட்டுக்குள் இருக்கும் பேட்டரிக்கு, ஐரோப்பியக் கையேட்டில் சொன்ன ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ஏ.சி.யின் கம்ப்ரஸர் என்ஜினின் பெல்ட்டில் ஓடும் கார்களில், என்ஜின் அணைந்ததும் குளிர்ச்சியும் குறைகிறது. அரை நிமிடத்தில் என்ஜின் மீண்டும் எழுகிறது. மிச்சம் சிறிது, உழைப்பு பெரிது என்ற நிலை அங்கே உண்டாகிறது.

எரிபொருள் மிச்சமும் போகும் பாதையைப் பொறுத்தது. ஐரோப்பாவின் பழைய சோதனைச் சுழற்சியில் கார் ஏறத்தாழ கால் பங்கு நேரம் நின்றிருக்கும். பின்னர் வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் அது எட்டில் ஒரு பங்கு. தாளில் தெரிந்த ஆதாயத்தின் ஒரு பகுதி அந்தப் பழைய சோதனையின் கொடை. அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. தந்த மதிப்பீடு 5 முதல் 7 சதவீதம். நெடுஞ்சாலையில் அது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் கணக்குப்படி, பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதே எரிபொருளுக்கு லாபம். இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஊர்ந்து நகரும் நெரிசலில் இந்த ஏற்பாட்டால் ஆதாயம் இல்லை; அதற்கான பொத்தானை அழுத்தி அதை அமர்த்துவதில் தவறில்லை. இரண்டு நிமிடச் சிக்னல்கள் நிறைந்த சாலையில் அதை இயங்கவிடுவதே சரி.

சரியாக வடிவமைத்த காரில் இந்த ஏற்பாடு என்ஜினைப் பெரிதாகத் தேய்ப்பதில்லை. பேட்டரியின் ஆயுளில் கை வைக்கிறது. அந்தச் செலவைப் பெரிதாக்குவது, மாற்றும் வேளையில் விலை குறைந்த சாதாரண பேட்டரியைப் பொருத்தும் வழக்கம். முதலில் என்ன வகை இருந்ததோ அதே வகை, அதே திறன் கொண்ட பேட்டரியே மாற்றாக வர வேண்டும், ஏ.ஜி.எம். இருந்த இடத்துக்கு ஈ.எஃப்.பி.யும் போதாது.