அறிதிறன் மாத்திரையும் கோர்வைத் தறியும்

நோயால் குலைந்த கவனத்தைச் சீராக்கத் தரப்படும் மருந்தை, நோயற்றவர் தேர்வுக்காகவோ பணிக்காகவோ உட்கொள்வது ‘அறிதிறன் மேம்படுத்தல்’ எனப்படுகிறது. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்குரிய மெத்தில்ஃபெனிடேட்டும், பகலிலும் அடக்கமுடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி நோய்க்குரிய மோடாஃபினிலும் இவற்றில் முதன்மையானவை. நன்மை தீமைகளை ஆய்ந்து விதிமுறை வகுத்துக்கொண்டு, நலமுள்ள பெரியவர்கள் இவற்றைப் பயன்படுத்த இடமளிக்கலாம் என்று 2008இல் ‘நேச்சர்’ இதழில் அறிஞர் சிலர் எழுதினர். கல்வியும் கணினியும் மூளைக்குத் துணையாகலாம் என்றால் மாத்திரை ஏன் ஆகாது என்னும் அவர்களது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நினைவாற்றலுக்கென்று பிள்ளைகளுக்கு வல்லாரைக் கீரை ஊட்டும் தமிழ் வீடுகளுக்கு மூளையைக் கூர்மையாக்கும் ஆசை புதிதுமன்று. 720 மதிப்பெண் நீட் தேர்வுக்குப் பெருந்தொகை கட்டிப் பயிற்சி பெறுவதைப் பொறுத்துக்கொள்ளும் சமூகம், மாத்திரையை மட்டும் சமமின்மை என்று சாடுவது அரைகுறை நியாயமே.

வலுவான மறுப்பு மருந்தின் பயனைப் பற்றியே எழுகிறது. குறிப்பிட்ட எடை மட்டுமே தாங்கும் பையில் எந்தெந்தப் பொருள்களை இட்டால் மொத்த மதிப்பு மிகும் என்னும் புதிரை நலமுள்ள 40 பேருக்குக் கொடுத்து மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட முடிவின்படி, இத்தகைய மருந்து உண்டபோது பங்கேற்றவர்கள் கூடுதல் நேரம் உழைத்து, பொருள்களைக் கூடுதல் முறை எடுத்தும் வைத்தும் பார்த்தனர். ஆனால் அந்த முயற்சியின் தரம் தாழ்ந்தது. முயற்சியின் அளவுக்கும் தரத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறியில் கண்ணாலேயே காணலாம். மூன்று நாடாக்களால் உடலையும் இரு கரைகளையும் வெவ்வேறு நிற ஊடையில் நெய்து, ஒவ்வொரு வரிசையிலும் உடலிழையைக் கரையிழையோடு கோத்துச் செல்லும் அம்முறையில், கை எவ்வளவு விரைந்தாலும் ஓரிடத்தில் கோப்பு தவறினால் அங்கே கரை விட்டுப்போகும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கும் நீட் தேர்விலும் பரபரக்கும் கைக்கு இதே இடர் உண்டு.

விரும்பியவர் உண்ணட்டும் என்பதும் போட்டிக்களத்தில் நெடுநாள் நிற்காது. சிலர் உண்ணத் தொடங்கினால் மற்றவர்க்கு மறுக்கும் உரிமை பெயரளவில்தான் மிஞ்சும். பெயரளவு விருப்பத்துக்குத் தறியிலேயே சான்று உண்டு: முன்பணக் கடனுக்காகப் பிள்ளைகளைத் தறிக்குத் துணையாக அனுப்பிய வழக்கம் காஞ்சிபுரத்திலும் இருந்தது. கடன்பட்ட வீடு தன் விருப்பத்தால் அனுப்பியது என்று எவரும் வாதிடத் துணியார்.

ஆகவே நலமுள்ளோர்க்கு, குறிப்பாக மாணவர்க்கு, இம்மருந்துகளைத் திறந்துவிடுவது இன்றைய சான்றுகளின்படி ஏற்கத்தக்கதன்று. இப்போதுள்ள கட்டுப்பாடும் இதற்கேற்பவே அமைந்துள்ளது: மெத்தில்ஃபெனிடேட் இந்திய மருந்து விதிகளின் ‘எக்ஸ்’ அட்டவணையில் உள்ளது; அதற்கான சீட்டை மருத்துவர் இரு படிகளாக எழுத வேண்டும், அவற்றில் ஒன்றை மருந்துக்கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும்.