மசலா என்னும் சொல்

“ஆலிம்சாவிடம் ஒரு மசலா கேட்டு வா” என்று வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை அனுப்புவது நம் ஊர்களில் உள்ள வழக்கம். திரும்பி வந்த பிள்ளை, “மசலா இப்படித்தானாம்” என ஒப்புவிக்கும். போகும்போது கேள்வியாயிருந்த சொல், வரும்போது தீர்ப்பாகிவிடுகிறது! மசலா நூல்களைச் சட்டத் திரட்டுகள் என எண்ணி இலக்கிய அன்பர் சிலர் ஒதுக்குவதற்கும் இம்மயக்கமே காரணம் என்பது எம் கருத்து.

‘ஸஅல’ என்னும் அறபு வினைக்குக் கேட்டான் என்பது பொருள். அதனடியாகப் பிறந்த ‘மஸ்அலா’ கேட்கப்படுவதைக் குறிக்கும். ஆய்வுக்குரிய பிரச்சினை என்பது அறபுச் சட்ட நூல்களில் அதற்குள்ள பொருள். (அடுக்களை மசாலா இதற்கு உறவன்று, அது ‘மஸாலிஹ்’ என்னும் வேறொரு சொல்லின் திரிபு.) ‘ஸாயில்’ என்பதும் இவ்வேரிற் கிளைத்ததே. அச்சொல் இரப்பவனையும் குறிக்கும், வினவுபவனையும் குறிக்கும். ஸாயிலை விரட்டலாகாது என்னும் ‘வள்ளுஹா’ அத்தியாயத்துக் கட்டளைக்கு, அறிவு தேடி வந்தவனையும் விரட்டலாகாது என விரிவுரையாளர் பொருள் கண்டது இதனாலேயாம்.

இதற்குத் தமிழில் நிகர் யாது? ‘வினா’ என்பர். எமக்கு அது நிறைவளிக்கவில்லை. ‘கேள்வி’ என்பதே பொருந்தும். பொருளை இரப்பதும் கேட்டல். ஐயம் வினவுவதும் கேட்டல். சொல்லுவதைச் செவிமடுப்பதும் கேட்டலே. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய ‘கேள்வி’ செவிவழிக் கல்வியையன்றோ பேசுகிறது! கேட்பவனையும் கொடுப்பவனையும் ஒருங்கே தழுவி நிற்கும் சொல் இது.

1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’வை இப்பொருளோடு படித்துப் பார்த்தல் வேண்டும். யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்கிறார்கள். கேட்பவர் அறியாதவரல்லர், தம் வேதத்தைக் கற்றுத் தேர்ந்தவர். சோதிக்க வந்தவர் விடைகளால் நிறைவுற்று இஸ்லாத்தைத் தழுவுகிறார். நூலைச் செலுத்துவன அவர் கேள்விகளே. அவற்றை நீக்கிவிட்டு விடைகளை மட்டும் தொகுத்தால் செய்தி எஞ்சும், காப்பியம் எஞ்சாது. இந்நூற்கதை பாரசீகம், மலாய், ஜாவானியம் எனப் பல மொழிகளிலும் பரவியது. 1143ஆம் ஆண்டளவிலேயே இலத்தீனுக்கும் சென்றுவிட்டது.

‘நூறு மசலா’வில் அரசிளங்குமரி வினவுகிறாள், அவள் கரம்பற்ற வந்தவன் விடையிறுக்கிறான். ‘வெள்ளாட்டி மசலா’விலோ அறிஞர்கள் வினவ, விடையிறுப்பவள் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப் பெண். ஆயிரத்தொரு இரவுகளில் வரும் தவத்துதின் கதையே இது. மசலா என்றால் மேலிருந்து இறங்கும் தீர்ப்பு என்று கொள்வோர், வெள்ளாட்டியின் முன் வாயடைத்து நிற்கும் அந்த அறிஞர்களை எங்கே கொண்டுபோய் வைப்பர்?