அன்றாடக் கலங்கள்: பட்டறை மரபும் ஊர் மரபும்

புதுச்சேரிக் கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் ஸ்டோன்வேர் என்னும் கெட்டிச் சுடுமண் கோப்பைகளுக்கு ஒரு குருபரம்பரை உண்டு. அதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. யனகி சோயெட்சு, ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோர் 1925 வாக்கில் ‘மிங்கெய்’ என்ற கொள்கையை முன்வைத்தார்கள். பேர் தெரியாத ஊர்க் குயவர் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வனைந்த பாண்டத்தில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1920இல், ஹமாதாவும் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சும் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் ஒரு பட்டறை தொடங்கியிருந்தார்கள். 1940இல் லீச் எழுதிய ‘எ பாட்டர்ஸ் புக்’ பல நாட்டுப் பட்டறைகளுக்குப் பாலபாடம் ஆயிற்று. இந்த வட்டத்தோடு பழகிய நம்மவர் சர்தார் குர்சரண் சிங். ஜப்பானில் தொழில் பயின்று திரும்பி, 1952இல் டெல்லி புளூ பாட்டரியை நிறுவினார்.

தமிழ் மண்ணுக்கு இந்த மரபு 1971இல் வந்தது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா உள்ளூர்த் தொழிலாளர்களோடு தட்டு, கிண்ணம், கெட்டில் என்று வீட்டுக்கு வேண்டியதைச் செய்தார். மீக்கர் மாணவர்களைப் பயிற்றினார். இன்று இந்தியாவில் பேர் சொல்லும் குயவர்கள் பலர் அவரிடம் பயின்றவர்கள். ஆனாலும் புதுச்சேரியை மண்பாண்ட ஊராக்கியதில் பெரும்பங்கு அந்தத் தொழிலாளர்களுடையது என்றே நான் கருதுகிறேன். அவர்களில் சிலர் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தார்கள். அந்தப் பட்டறைகளில் அடுத்த கைகள் பழகின.

அன்றாடக் கலத்துக்கு உரைகல் புழக்கம் ஒன்றுதான். ஒரு தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சொட்டு வரை சாய்த்தாலும் மூடி கழன்று விழக் கூடாது. ஊற்றி நிமிர்த்தியதும் மூக்கின் நுனியில் நீர் பட்டென்று அறுபட வேண்டும். அடியில் வழிந்தால் அந்த மூக்கு தோற்றது. உள்ளே மூக்கு தொடங்கும் இடத்தில் தேயிலையைத் தடுக்கும் துளைகளைப் பச்சை மண்ணிலேயே போட்டிருக்க வேண்டும். கைப்பிடிக்குள் விரல் நுழைந்தும், கெட்டிலின் சூட்டில் படாமல் இருக்க வேண்டும். சூளைப் பலகையில் ஒட்டாதிருக்க அடிவளையத்தில் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சைப் பூசுவதில்லை. அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பைத் தேய்த்து எடுக்காதவர் உங்கள் மேசையை நினைத்துப் பார்க்காதவர்.

இதே உரைகல்லில் நம் ஊர்ப் பானையையும் உரசிப் பார்ப்பதுதான் நியாயம். ஸ்டோன்வேர் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து இறுகுவதால் நீரை உறிஞ்சாது. ஊர்ப் பானை 1,000 டிகிரிக்கும் கீழே வேகிறது. அதனால் அதைத் தாழ்ந்த சரக்கு என்று எண்ணுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பாது. முழுக்க இறுகாத மண்ணின் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அந்தத் துளைகள் இருப்பதால்தான் குழம்புச் சட்டி அடுப்பின் நெருப்பைத் தாங்குகிறது. ஸ்டோன்வேர் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும்.

கைத்திறத்திலும் ஊர்ப் பானை தாழ்ந்ததல்ல. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்களைப் பாருங்கள். ஊர்க் குயவரான வேளார் சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் வனைந்து, நூலால் அறுத்து எடுக்கிறார். அடி திறந்தே இருக்கும். அது பாதி உலர்ந்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார். அடி உருண்டு, சுவர் மெலிந்து, எங்கும் ஒரே கனம் வருகிறது. அதை அளக்கக் கருவி இல்லை; தட்டும் ஓசையும் உள்ளங்கையும்தான் கணக்கு. கடம் என்னும் இசைக்கருவிக்கு நாதம் தருவதும் இந்தத் தட்டுதான்.

பட்டறைக் குயவர்களுக்குக் கண்காட்சியும் சிறப்பு மலரும் இருக்கின்றன. வேளாருக்குப் பொங்கலும் கார்த்திகையும் போனால் வியாபாரம் மந்தம். கண்மாயில் களிமண் எடுக்கவும் அனுமதிக்கு அலைகிறார். மிங்கெய்காரர்கள் தேடிப் போற்றிய கை நம் ஊர்க் கூரையடியில் இருக்கிறது. செராமிக் கற்பிக்கும் கல்லூரிகள் தம் மாணவர்களை ஒரு பருவமாவது மானாமதுரைக்கு அனுப்ப வேண்டும். அங்கே கற்பிக்கும் வேளாருக்கு ஆசிரியருக்குரிய சம்பளமும் தர வேண்டும்.