அதே விலையில் வேறொரு படம்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில பழுதாகிவருவதை அறிந்திருப்பதாகவும், வாங்கியவர்களுக்கு மாற்று வட்டுகள் தந்துவருவதாகவும் அதில் சொல்லியிருந்தது. அந்தப் படம் இப்போது வெளியீட்டில் இல்லாமல் போயிருந்தாலோ அதன் உரிமை முடிந்துபோயிருந்தாலோ, அதே மதிப்புள்ள வேறொரு படம் தரப்படும். வணிகக் கணக்கில் இதில் குறை காண முடியாது. ஆனால் பழைய ஹாலிவுட் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் அத்தனை பேரும் ஒரு படத்தின் இடத்தை வேறொரு படத்தால் நிரப்ப முடியாது என்று நம்புகிறவர்கள். இருபது ஆண்டு உழைப்பில் நிறைந்த அலமாரியில் எந்த வட்டு இன்னும் ஓடும், எது ஓடாது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது.

வட்டு வணிகம் சுருங்குவது புதிய செய்தி இல்லை. ப்ளூரே கருவி தயாரிப்பிலிருந்து சாம்சங் 2019இல் விலகியது. நெட்ஃபிளிக்ஸ் தன் தபால்வழி டிவிடி சேவையை 2023 செப்டம்பரில் மூடியது. அமெரிக்காவின் பெரிய மின்பொருள் கடையான பெஸ்ட் பை, 2024 முதல் திரைப்பட வட்டுகளை விற்பதில்லை. டிஸ்னி தன் வட்டு வியாபாரத்தை சோனியிடம் ஒப்படைத்துவிட்டது. இதனால் ‘காஸாபிளாங்கா’வுக்கு ஒன்றும் ஆகாது. எந்தக் காலத்திலும் அது எங்காவது பார்க்கக் கிடைக்கும். பெரும்புகழ் அடையாத ஆயிரக்கணக்கான நல்ல படங்களுக்குத்தான் ஆபத்து. ஒரே படத்தின் வெவ்வேறு வடிவங்களுக்கும் ஆபத்து. வாங்கிய படத்தை அடுத்தவருக்கு இரவல் கொடுக்கும் உரிமையும் இவற்றோடு சேர்ந்து போகிறது. இந்த மூன்றையும் இதுவரை காத்துவந்தது வட்டு என்பது என் உறுதியான எண்ணம்.

இத்தனைக்கும் ஹாலிவுட் இதை விரும்பி உருவாக்கவில்லை. சோனியின் பீட்டாமேக்ஸ் பதிவுக் கருவிக்கு எதிராக யுனிவர்சலும் டிஸ்னியும் 1976இல் வழக்குப் போட்டன. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனியின் பக்கம் நின்றது. அதற்குள் கள நிலவரம் மாறிவிட்டிருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஒலிநாடா தயாரிப்புத் தொழில் செய்துவந்த ஆந்த்ரே ப்ளே, 1977இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் ஐம்பது படங்களின் வீடியோ உரிமையைக் கேட்டு வாங்கி கேசட்டாக விற்றார். அந்தக் கேசட்டுகளை வாங்கி வாடகைக்கு விடும் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. வாடகையில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஸ்டூடியோக்கள் முயன்றும் முடியவில்லை. சட்டப்படி விற்கப்பட்ட ஒரு பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம், வாடகைக்கு விடலாம், தானமாகக் கொடுக்கலாம் என்கிறது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். பழைய புத்தகக் கடைக்கும் பொது நூலகத்துக்கும் உயிர் கொடுக்கும் அதே விதி வீடியோ கடைக்கும் உயிர் கொடுத்தது. ஓடிடியில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தி வாங்குகிற படத்துக்கு இந்த விதி செல்லாது. அங்கே நாம் வாங்குவது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் தனிச் சட்டமே இயற்றி 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கேசட் காலத்தில் படம் கிடைத்தது. அதன் முழு உருவம் கிடைக்கவில்லை. அகலத்திரைப் படங்களின் இரு ஓரங்களும் வெட்டப்பட்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத்துக்குள் அடைக்கப்பட்டன. பழைய சினிமாவை அக்கறையோடு வெளியிடுவது எப்படி என்று காட்டியது லேசர்டிஸ்க். 1984இல் தொடங்கிய கிரைடீரியன் நிறுவனத்தின் முதல் இரண்டு வெளியீடுகள் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங் காங்’. இரண்டாவதில் ஒரு புதுமை இருந்தது. படம் ஓடும்போதே, அது எடுக்கப்பட்ட கதையை ஒருவர் இன்னொரு ஒலித்தடத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் பொறுப்பாளர் ரொனால்ட் ஹேவர்.

ஹேவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ஜூடி கார்லண்ட் நடித்து ஜார்ஜ் க்யூகர் இயக்கிய ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ 1954இல் மூன்று மணி நேரப் படமாக வெளியானது. வெளியான கொஞ்ச நாளிலேயே, நாளொன்றுக்கு இன்னொரு காட்சி ஓட்ட வேண்டும் என்பதற்காக, ஏறத்தாழ அரை மணி நேரத்தை ஸ்டூடியோ வெட்டி எறிந்தது. பல ஆண்டுகள் கழித்து ஹேவர் வார்னர் கிடங்குகளில் இறங்கித் தேடினார். முழுப் படத்தின் ஒலித்தடம் கிடைத்தது. வெட்டப்பட்ட பாடல்களும் சில காட்சித் துண்டுகளும் கிடைத்தன. படம் கிடைக்காத இடங்களில் ஒலியை ஓடவிட்டு, படப்பிடிப்பில் எடுத்த நிழற்படங்களைப் பொருத்தினார். 1983இல் நியூயார்க்கில் திரையிடப்பட்ட அந்த வடிவம்தான் பின்னாளில் டிவிடியிலும் ப்ளூரேயிலும் வீடுகளுக்கு வந்தது. கிடங்கில் தூசி படிந்து கிடந்ததைத் தேடி எடுத்த கைக்கும், ‘கிங் காங்’ வட்டில் ரசிகனோடு உரையாடிய குரலுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. நல்ல வட்டு வெளியீடு என்பதன் இலக்கணம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

1997இல் டிவிடி அமெரிக்கச் சந்தைக்கு வந்த பின் பணம் கொட்டியது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு நெகடிவ்களுக்குத் திரும்பிப் போனதுதான் முக்கியம். டெக்னிகலர் முறையில் காமிராவுக்குள் ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு வெள்ளை நெகடிவ்கள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு நிறத்தின் பதிவு. காலப்போக்கில் அவை வெவ்வேறு அளவில் சுருங்குவதால் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினால் உருவத்தின் விளிம்பில் நிறம் பிசிறும். வார்னர் பொறியாளர்கள் கணினி வழியாக அவற்றைச் சரியாகப் பொருத்தும் முறையை உருவாக்கினார்கள். ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்தின் பச்சையும் சிவப்பும் 1938இல் திரையரங்கில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். மக்கள் வட்டு வாங்குவார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தச் செலவை எந்தக் கணக்காளரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

வார்னர் பெயர் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. 1986இல் டெட் டர்னர் எம்ஜிஎம் ஸ்டூடியோவை வாங்கிச் சில மாதங்களிலேயே பெரும்பகுதியை விற்றுவிட்டாலும், பழைய படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். எம்ஜிஎம் படங்களோடு 1950க்கு முந்தைய வார்னர் படங்களும் ஆர்கேஓ படங்களும் அதில் அடக்கம். டர்னரின் நிறுவனம் 1996இல் டைம் வார்னரோடு இணைந்தபோது அத்தனையும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அதேபோல் 1950க்கு முந்தைய பாரமவுண்ட் பேசும் படங்களில் ஏறத்தாழ எழுநூறு, 1958இல் கைமாறி இன்று யுனிவர்சலிடம் இருக்கின்றன. தேடுகிற படத்தை எடுத்தவர் யார் என்பதைவிட, இன்று அதை வைத்திருப்பவர் யார் என்பதைத்தான் சேகரிப்பாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வார்னரின் இந்தக் கிடங்கிலிருந்து 2004க்குப் பிறகு வந்த தொகுப்புகள் ஒரு பொற்காலம். இருண்ட குற்றக் கதைகளான நுவார் படங்களின் தொகுப்புகள், வேல் லூட்டனின் திகில் படங்கள், தணிக்கை இறுகிய 1934க்கு முந்தைய துணிச்சலான படங்கள் என்று பெட்டி பெட்டியாக வந்தன. ஃபாக்ஸ் நிறுவனம் தன் பங்குக்கு 2007இல் ஜான் ஃபோர்டின் 24 படங்களை ஒரே பெட்டியில் போட்டது. பார்பரா ஸ்டான்விக் நடித்த ‘பேபி ஃபேஸ்’ 1933இல் தணிக்கையாளர்களால் வெட்டுப்பட்ட படம். வெட்டுப்படாத வடிவம் 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேமிப்பில் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் இரு வடிவங்களையும் ஒன்றாக வைத்து வட்டில் வெளியிட்டார்கள். ஊதியமும் அவமதிப்பும் மட்டுமே தெரிந்த ஒரு பெண் தன் உடலை ஏணியாக்கி மேலேறும் கதை அது. தணிக்கை எதைக் கண்டு அஞ்சியது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர் தாமே கண்டுகொள்ளலாம். அதை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது.

வடிவங்கள் என்ற இந்த விஷயத்தில்தான் வட்டுக்கு ஈடு இல்லை. ‘தி பிக் ஸ்லீப்’ 1945இல் ஒரு வடிவத்தில் தயாராகி, வெளிநாட்டிலிருந்த படைவீரர்களுக்குக் காட்டப்பட்டு, லாரன் பக்காலுக்கு அதிகக் காட்சிகள் சேர்த்து 1946இல் வேறு வடிவில் வெளியானது. டிவிடியில் இரண்டும் உண்டு. ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ படத்துக்கு மூன்று வடிவங்கள். மூன்றாவது, வெல்ஸ் ஸ்டூடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பைப் பின்பற்றி 1998இல் வால்டர் மர்ச் தொகுத்தது. 2008இல் வந்த டிவிடி மூன்றையும் தந்தது. ஓடிடியில் பெரும்பாலும் ஏதோ ஒரு வடிவம் இருக்கும். எது என்று சொல்லக்கூட மாட்டார்கள். 2023இல் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்ஷன்’ படத்தின் ஒரு காட்சி, இனவெறிச் சொல் இடம்பெறுவதால், அமெரிக்க இணையச் சேவைகளில் எந்த அறிவிப்பும் இல்லாமல் வெட்டுப்பட்டிருந்ததைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வீட்டில் இருந்த வட்டு சாட்சி சொன்னது.

2009 மார்ச்சில் வார்னர் ஆர்க்கைவ் கலெக்‌ஷன் தொடங்கியபோதே சுருக்கம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லலாம். கடைகளில் அடுக்க வழியில்லாத படங்களை, யாராவது கேட்டால் மட்டும் ஒரு பிரதி பதிந்து தபாலில் அனுப்பும் திட்டம். முதல் நாளில் 150 படங்கள் இருந்தன. அட்டைப் படம் எளியது, கூடுதல் இணைப்பு எதுவும் கிடையாது, விலையோ அதிகம். அப்போது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் பழைய எம்ஜிஎம் படங்களைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவரும் ஜார்ஜ் ஃபெல்டன்ஸ்டைன் போன்றவர்கள் அந்த வழியில் கிடங்கின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நாவலாசிரியை மார்கரெட் கென்னடியின் உயிலில் இருந்த நிபந்தனையால் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்த ‘தி கான்ஸ்டன்ட் நிம்ஃப்’ 2011இல் இந்த வழியாகத்தான் வெளிவந்தது. 2012 முதல் அதே பிரிவு முறையாக அச்சிட்ட ப்ளூரேக்களை வெளியிட்டுவருகிறது. 2024 டிசம்பரில் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் 4கே வட்டும் வந்தது. பெருங்கடைகள் கைவிட்ட பிறகுதான் பழைய படங்கள் இவ்வளவு துல்லியமாகக் கிடைக்கின்றன. இன்றைய நிலைமையின் வினோதம் இது.

ஸ்டூடியோக்கள் விட்ட இடத்தைச் சிறு நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் கினோ லார்பர், ஃபிளிக்கர் ஆலி, இங்கிலாந்தில் இண்டிகேட்டர், யுரேகா, ஆஸ்திரேலியாவில் இம்ப்ரின்ட். இண்டிகேட்டர் ஆறு பெட்டிகளாக வெளியிட்ட கொலம்பியா நுவார் படங்களில் பலவற்றின் பெயரை வரலாற்றுப் புத்தகங்களின் அடிக்குறிப்பில் மட்டுமே பார்த்திருப்போம். என் மட்டில், இன்று சேகரிப்பாளரின் பணம் போக வேண்டிய முதல் இடம் இத்தகைய பெட்டிகள்தான். ‘சைக்கோ’வின் ஐந்தாவது பதிப்பு காத்திருக்கலாம். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2011இல் தொடங்கிய ட்வைலைட் டைம், படத்துக்கு 3000 பிரதிகள் என்ற கணக்கில் விற்றது. முதலீட்டைத் திரும்ப எடுக்க அதற்கு வேறு வழியில்லாமல் இருந்திருக்கலாம். 2020இல் நிறுவனம் மூடப்பட்டது; அந்த வட்டுகள் சில இன்று பல மடங்கு விலைக்குக் கைமாறுகின்றன. படம் பார்க்க விரும்புகிற மாணவருக்கு எட்டாத விலை அது. அரியது என்பதே மதிப்பாகிவிட்டால் சேகரிப்பு பதுக்கலாகிவிடுகிறது.

இந்தியாவில் இருந்துகொண்டு சேர்ப்பவருக்கு இன்னொரு தடை மண்டலக் குறியீடு. டிவிடியில் அமெரிக்கா முதல் மண்டலம், நாம் ஐந்தாவது. ப்ளூரேயில் அவர்கள் ஏ, நாம் சி. கிரைடீரியன் ப்ளூரேக்களில் பல ஏ மண்டலக் கருவியில் மட்டுமே ஓடும். வார்னர் வட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூட்டு இல்லை, 4கே வட்டுகளுக்கு அறவே இல்லை. சென்னை பர்மா பஜாரில் கிடைத்த திருட்டு டிவிடிகள் வழியாகத்தான் நம்மில் ஒரு தலைமுறை ஹிட்ச்காக்கையும் பில்லி வைல்டரையும் பார்த்தது. அந்தத் திருட்டை நியாயப்படுத்த வேண்டியதில்லை. முறையாக வாங்க வழி இல்லாத இடத்தில் அது முளைத்தது என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை.

பதிப்புரிமை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பொதுவுடைமையான படத்தை யாரும் வெளியிடலாம் என்பது உண்மை. ஆனால் யாரும் வெளியிடலாம் என்றால் நல்ல பிரதிக்காகச் செலவழிக்க யாரும் முன்வருவதில்லை. பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டதால் வெளியான நாளிலேயே பொதுவுடைமையாகிப்போன ‘ஷரேட்’ (1963), தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்த மலிவு வட்டுகளாக எங்கும் கிடந்தது. ஆட்ரி ஹெப்பர்னின் முகம் அவற்றில் வெளுத்துப்போயிருக்கும். பாரிஸின் நிறங்களை ஒழுங்காகப் பார்க்க, நல்ல மூலத்திலிருந்து கிரைடீரியன் வெளியிட்ட வட்டுதான் வழி.

இனி இந்தச் சேகரிப்புகள் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. அமெரிக்க மௌனப் படங்களைப் பற்றி டேவிட் பியர்ஸ் எழுதி நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 10,900 முழுநீளப் படங்களில் 14 சதவீதமே வெளியான அதே வடிவில் முழுமையாக எஞ்சியிருக்கின்றன. அந்தப் படங்களை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை அன்றைய ரசிகருக்கு இல்லை. இன்று நிலைமை வேறு. நியூயார்க்கில் கிம்ஸ் வீடியோ கடை மூடப்பட்டபோது அதன் 55,000 படங்கள் 2009இல் சிசிலித் தீவின் சலேமி என்ற சிற்றூருக்குக் கப்பலேறி, பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 2022இல் நியூயார்க்குக்கே திரும்பி வாடகைக்கு வந்தன. லாஸ் ஏஞ்சல்ஸின் விடியட்ஸ் கடை 2023இல் ஒரு பழைய திரையரங்கில் மறுபடி திறந்தது. சியாட்டிலின் ஸ்கேர்குரோ வீடியோ 2014இல் லாப நோக்கற்ற அமைப்பாக மாறியது. அங்கே ஒன்றரை லட்சத்தை ஒட்டிய தலைப்புகள் இருக்கின்றன. வேறெங்கும் கிடைக்காத சில அரிய வட்டுகளையும் கேசட்டுகளையும்கூட அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதில்லை. பெரிய தொகையாக முன்பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.